நாலரை இஞ்ச் சுவர்

யார் என்ன சொன்னாலும் அதற்குப் பின்னால் ஏதோ ஒரு கணக்கு இருக்கும் என்று நினைக்கிறவள் நான். திருவொற்றியூரில் அரசு வீட்டு வாரியம் கட்டிய போர்டு குடியிருப்பின் முதல் மாடியில் வளர்ந்தால் இந்தப் புத்தி தானாக வந்துவிடும். தண்ணீர் லாரி நேரத்துக்கு வந்தால் சந்தேகப்படுவோம். தேர்தல் இல்லாத நாளில் வெள்ளைச் சட்டைக்காரர் யாராவது வாசலில் நின்று சிரித்தால் கதவைச் சாத்திவிடுவோம்.

இரண்டு வருட இன்டீரியர் டிசைன் டிப்ளமோவில் சேர்ந்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை. கல்லூரி ராயபுரத்தில் ஒரு வணிகக் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. உடன் படித்தவள் ஒருத்தி "உங்க வீடு எங்கே?" என்று கேட்டால், இவளுக்கு அது எதற்கு என்றுதான் முதலில் தோன்றும். இடத்தைச் சொன்னதும், மணலி ஆலைகளின் புகைக் காற்று அவள் மூக்கில் ஏறிவிட்டதைப் போல முகம் ஒரு நொடி மாறும். அதை நான் தவறாமல் கவனிப்பேன்.

கடைசி செமஸ்டரில் மேடம் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார். அவரவர் ஏரியாவில் ஒரு குடும்பம் நிஜமாகவே வாழ்கிற வீட்டை எடுத்து, டேப் பிடித்து அளந்து, இருப்பதை இருக்கிறபடி வரைய வேண்டும். முதலிலிருந்தே இருந்த சுவர்களைக் கறுப்பிலும், பிறகு சேர்த்துக் கட்டியதைச் சிவப்பிலும் காட்ட வேண்டும். அதன் மேல் நம்முடைய டிசைன். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் படங்களை மாட்டி விளக்கும் நாளன்று, அந்த வீட்டுக்காரரும் வந்து உட்கார வேண்டும்.

மற்ற ஏரியாக்களில் டேப் என்றால் அலமாரி செய்யப் போகிறார்கள் என்று அர்த்தம். எங்கள் பிளாக்கில் டேப் என்றால் இடிக்கப் போகிறார்கள். தரைத்தள வீடுகளில் அனுமதியில்லாமல் முன்பக்கம் இழுத்துக் கட்டாத வீடே கிடையாது. சிலர் தகரம் போட்டிருப்பார்கள், சிலர் செங்கல்லே வைத்திருப்பார்கள். எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதைச் சிவப்பு மையில் வரைந்து கொடு என்கிறார் மேடம். இந்தப் படத்தை வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று அன்று பஸ்ஸில் வீடு வரும் வரை யோசித்தேன்.

எங்கள் வீட்டுக்கு நேர் கீழே ஒரு அக்கா இருந்தார். வீட்டின் முன்னால் ஒரு சமையலறையை இழுத்துக் கட்டி, காலையில் இட்லியும் ஆப்பமும் போடுவார். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசையாக நிற்கும். அந்த டிரைவர்கள்தான் அவருடைய வாடிக்கை. புருஷன் எப்போதோ வேறு ஒருத்தியோடு போய்விட்டான். அந்தச் சமையலறை போனால் அக்காவுக்கு அடுத்த வேளை இல்லை.

நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் நின்றதும் அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"இன்னா பாப்பா, யாரு அனுப்னா உன்ன?"

"யாரும் அனுப்பலக்கா. படிப்புக்கு."

"படிப்புக்கு எம்மாம் பெரிய டேப்பு! படிச்சவன்தான் வந்து அளந்துகினு போவான். அப்பால மெஷினு வரும்."

ஒரு வாரம் பின்னாலேயே சுற்றினேன். கடைசியில், "அள. ஆனா படத்த காட்ற அன்னிக்கி நானும் வருவேன். நீ யாராண்ட இன்னா குடுக்குறன்னு நானே பாக்குறேன்" என்றார். நான் அளக்கும்போது டேப்பின் மறுமுனையை அவரேதான் பிடித்தார். உதவி செய்கிறார் என்று சொல்லிக்கொள்ளலாம். என் கையை ஒரு கணமும் விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அளந்து முடித்து வரைய உட்கார்ந்தபோதுதான் வகுப்பில் அந்தப் பேச்சு அடிபட்டது. வரப்போகிற தேர்வாளர் போர்டுக்கும் வரைபட வேலை செய்து கொடுக்கிறவராம். சொன்னவளிடம் உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "எல்லாரும் சொல்றாங்க" என்றாள். எனக்கு அது போதும். அன்றைக்கே சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அக்காவின் முன்சுவரை மற்ற சுவர்களைப் போலவே கறுப்பில் போட்டு, போர்டு கட்டியபோதே அது அங்கே இருந்ததாக ஆக்கிவிட்டேன். மேடம் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

தேர்வு நாளன்று அக்கா பட்டுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தார். பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். தேர்வாளர் ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். ஒவ்வொரு மாணவியின் படத்தையும் போனில் படம் பிடித்துக்கொண்டார். எதற்கு இந்தப் படம்? யாருக்கு அனுப்பப் போகிறார்? பிறகு என் முறை வந்தது.

நான் விளக்கி முடித்ததும் அவர் படத்துக்கு அருகில் போய்க் குனிந்தார்.

"இது எந்த பிளாக்?"

"திருவொற்றியூர் சார்" என்றேன். பிளாக்கைச் சொல்லவில்லை.

"உள்சுவர் எல்லாம் ஒன்பது இஞ்ச் காட்டியிருக்கே. வெளியில இருக்கிற இந்த முன்சுவர் மட்டும் எப்படி நாலரை இஞ்ச்?"

நிறத்தை மாற்றியவள் தடிமனை மாற்ற மறந்திருக்கிறேன். மேல்மாடியைத் தாங்குகிற சுவர் எதுவும் ஒற்றைச் செங்கல் அகலத்தில் இருக்காது. அந்தச் சுவர் பிறகு ஒட்டவைத்தது என்பதை என் படமே அவரிடம் சொல்லிவிட்டது.

"போர்டுல அப்படித்தான் சார் கட்டியிருக்காங்க" என்றேன்.

அவர் விடவில்லை. பென்சிலால் சமையலறையைத் தொட்டுக் காட்டி, "ரொம்பக் கச்சிதமா இருக்கு. அடுப்பு, தொட்டி, பரிமாறுற ஜன்னல் எல்லாம் நின்ன இடத்துல கைக்கு எட்டுது. போர்டுல இவ்வளவு யோசிச்சுக் கட்டினது யாருன்னு தெரியலையே" என்றார்.

பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது.

"போர்டா? எவன் சொன்னது? அத்த கட்னது நானு!"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. நான் கண்ணால் கெஞ்சினேன். அக்கா என் பக்கம் பார்க்கவே இல்லை. நேராகப் படத்தின் முன்னால் வந்து நின்றார்.

"செங்கல்லு நான் எறக்குனேன். கொத்தனாரு ஜன்னல அந்தாண்ட வெக்கலாம்னான். வாணாம், லாரிக்காரன் ரோட்லேருந்து பாத்தா தெரியணும், இங்கதான் வெய்யின்னு நான்தான் சொன்னேன். போர்டுக்காரனுக்கு இன்னா தெரியும் சார்? அவன் கட்னது இட்லி குண்டான் கூட நொழையாத ரூமு!"

எனக்கு அவர் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. இத்தனை நாள் டேப்பைக் கண்டாலே வெறித்த மனுஷி, ஒரே ஒரு பாராட்டுக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாரே என்று ஆத்திரமாக வந்தது. தேர்வாளர் சிரித்தார். அது என்ன சிரிப்பு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. "அப்ப படம் தப்பு. திருத்திக் கொண்டுவாம்மா, மார்க் போடுறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த மாணவியிடம் போனார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்காகத்தானேக்கா மறைச்சி வரைஞ்சேன்! அந்த ஆளு போர்டுல போய்ச் சொல்லிட்டா இன்னா பண்ணுவ? போட்டோ வேற எடுத்துக்கீறான்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். தண்டையார்ப்பேட்டை தாண்டும்போது என் பக்கம் திரும்பினார்.

"பயம் எனக்கும் கீது. இல்லன்னு சொல்லல. ஆனா நீயே சொல்லு. வூடு என் புருசன் பேர்ல கீது. ரேசன் கார்டுல தலைவர்னு அவன் பேருதான் கீது. வுட்டுட்டு ஓடுனவனுக்கு இம்மாம் கீது. எனக்குன்னு அந்தச் செவுரு ஒண்ணுதான். அதையும் நீ எத்தினி பேரு முன்னாடி போர்டுக்காரனுக்குத் தூக்கிக் குடுத்துட்ட."

அவர் கண் கலங்கியிருந்தது, நானும் அழுதுவிட்டேன். கண்டக்டர் எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அந்தத் தேர்வாளரை நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. ஆனாலும் திருத்திய படத்தை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் முன்சுவரைச் சிவப்பில் வரைந்து, அதற்கு நேராக அம்புக்குறி போட்டு, கட்டியவர் என்று எழுதி, அக்காவின் பெயரை முழுசாக எழுதியிருந்தேன்.