இல்லையென்றால் துறைமுகம்

கோபிநாத்தைத் தூக்கம் தெளிந்த முகத்தோடு நான் பார்த்ததே இல்லை. அரியாங்குப்பத்திலிருந்து மொபெட்டில் வருவான். வைத்திக்குப்பத்தில் என் டீக்கடைக்கு மேலே அவன் வேலை பார்க்கும் கம்பெனிக்கு ஒற்றை அறை. படகில் ஒரு பெட்டியைப் பொருத்தி, அது கடலில் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டர் திரையில் காட்டுகிற வேலை. புரோகிராம் எழுதுகிறவனும் அவனே, ரிப்பேர் பார்க்கிறவனும் அவனே, திட்டு வாங்குகிறவனும் அவனே. பெண் வீட்டார் ஒருமுறை, "மாப்பிள்ளைக்கு ஒடம்பு ஏதாச்சுமா?" என்று என்னிடம் விசாரித்தார்கள். "ஒடம்பு நல்லாத்தான் இருக்கு, வேலதான் சரியில்ல" என்றேன். சம்பந்தம் கலைந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு மத்தியானம், மீன் விற்கும் அங்கம்மாள் மாடியேறினாள். கடலுக்குப் போன புருஷன் குப்பன் இன்னும் திரும்பவில்லை. திரையைப் பார்த்தால் அவன் படகு தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் நிற்கிறது.

"கரைக்கு வந்துட்டு வூட்டுக்கு வரல பாரு! ஆடி மாசம் மாரியாத்தா கோயில்ல சத்தியம் பண்ணான், இனிமே குடிக்க மாட்டேன்னு. இருடா, வரேன்!"

மகள் ஜெயசித்ராவை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு சாராயக்கடையாக நுழைந்தாள். தேடியது ஒரு புருஷனை. பின்பக்கமாக ஓடியது ஊரிலுள்ள பாதிப் புருஷன்மார்.

நான் டீயோடு மேலே போனபோது கோபிநாத் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, குப்பன் அண்ணன் படகு துறைமுகத்துல இல்ல. நாந்தான் அங்க நிக்க வச்சிருக்கேன்."

"இன்னாடா ஒளர்ற?"

"பெட்டியிலேர்ந்து தகவல் வந்தா எடம் இருக்கும். வரலன்னா காலியா இருக்கும். காலிய மேப்புல வரைய முடியாதுண்ணே. அதான் 'இல்லன்னா துறைமுகம்'னு ஒரு வரி எழுதி வச்சேன்."

"ஏன் துறைமுகம்?"

"மொதல்ல அட்சரேகை, தீர்க்கரேகை ரெண்டையும் பூஜ்யம்னு வச்சேன். படகு ஆப்பிரிக்கா பக்கத்துல போய் நின்னுது. அதிகாரிங்க பாத்தா அசிங்கம்னாரு மொதலாளி."

செருப்பு போடாமல் ஓடினான். அங்கம்மாளை ஒரு கடை வாசலில் பிடித்தான்.

"அக்கா, அண்ணன் குடிக்கப் போவல. எங்க இருக்காருன்னே தெரியல."

அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். "துறைமுகத்துலன்னு நீதானடா காட்டுன?"

அவன் அப்படியே கரைக்கு ஓடி அங்கிருந்தவர்களிடம் சொன்னான். வெளிச்சம் இருக்கும்போதே நாலைந்து படகுகள் புறப்பட்டுப் போயின. கடலூர்ப் பக்கம் மோட்டார் செத்து மிதந்துகொண்டிருந்த குப்பனைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கரையில் கால் வைத்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. "கடல்ல போயிருந்தாகூட மானத்தோட போயிருப்பேன். சாராயக்கடையிலயாடி தேடுன?" என்று கத்தினான். வெகுநாள் அவளோடு பேசவில்லை.

மறுநாள் கோபிநாத் அந்த வரியை அழித்தான்.

"அப்ப கடைசியா பாத்த எடத்த காட்டேன்யா" என்றார் முதலாளி.

"எப்ப பாத்ததுன்னு போடாம காட்டுனா அதுவும் பொய்தான் சார்."

அழித்தது சுலபம். அதன்பிறகுதான் பாடு. முன்பு ஒரே வரி எல்லாக் காலியையும் நிரப்பிக்கொண்டிருந்தது. இப்போது புரோகிராமில் படகின் இடத்தைக் கேட்கிற ஒவ்வொரு மூலையிலும், இல்லாவிட்டால் என்ன செய்வது என்று தனித்தனியாக யோசித்து எழுத வேண்டும். மேப்பில் படகை வரையாதே. பெயருக்குப் பக்கத்தில் 'தகவல் இல்லை' என்றும், கடைசியாகத் தகவல் வந்த நேரத்தையும் போடு. ரொம்ப நேரம் வராவிட்டால் மணியடி. கண் இன்னும் சிவந்தது.

உப்புக்காற்றில் பெட்டிகள் அடிக்கடி வாயை மூடிக்கொள்ளும். அதனால் சாயங்காலமானால் யார் பெயருக்காவது 'தகவல் இல்லை' வந்துவிடும். பெண்கள் படியேறி வருவார்கள். முன்பு திரையே பதில் சொல்லும்; இப்போது அவன் சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு சாயங்காலம் அங்கம்மாளும் வந்தாள்.

"எங்கடா இருக்கான்?"

"தெரியலக்கா."

"தெரியலன்னு சொல்றதுக்கா ஒனக்கு சம்பளம்?"

"ஆமாக்கா."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவனும் மொபெட் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்தான். இரண்டு டீ கொடுத்தேன். கடலில் குப்பனின் படகு கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் எழுந்தான்.