கஷ்டம் வந்தால் யார் வீட்டுக்கு?

ஆரணியில் எனக்குக் கிடைத்த வேலை, வீடு வீடாகப் போய் வெயிலைப் பற்றிக் கேட்பது. சித்திரை மாதத்தில் உச்சி வேளையில் வாசலில் நின்றுகொண்டு, "முன்னைவிட வெயில் கூடியிருப்பதாக நினைக்கிறீர்களா?" என்று கேட்டவளை இந்த ஊர் அடித்துத் துரத்தாமல் விட்டதே பெரிய விஷயம். பருவநிலை மாறுவதை நெசவுக் குடும்பங்கள் எப்படிப் பார்க்கின்றன, மழையோ வெயிலோ மிஞ்சிப்போனால் எப்படிச் சமாளிக்கின்றன, அவர்களுக்குக் கடன் தரும் வங்கிகளுக்கு அதை வைத்து என்ன விதிமுறை வகுக்கலாம் என்று ஆராய்வதுதான் எங்கள் ஆய்வு. சென்னையில் உட்கார்ந்திருக்கும் ஆய்வுத் தலைவர் இதை ஆங்கிலத்தில் அழகாகச் சொல்லிவிடுவார். நான்தான் அதைத் தமிழில் சொல்லி, "கவர்மெண்ட்ல இன்னா குடுப்பாங்க?" என்ற கேள்விக்கும் பதில் சொல்லி, தொண்டை வறண்டு நிற்பேன். கேட்காமலே சொம்பில் தண்ணீர் வரும். அந்த மரியாதையில் யாரும் குறை வைக்கவில்லை.

அரிசி ஆலை ஒன்றின் பின்னால், மாடியில் எனக்கு ஒரு அறை. நெல் அவிக்கிற வாடை தலையணை வரைக்கும் ஏறியிருந்தது. பக்கத்தில் இருக்கிற சேத்துப்பட்டுதான் என் சொந்த ஊர். பள்ளிக்கூட வாத்தியார்களாக இருந்த அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை, வீட்டையும் விற்றாகிவிட்டது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பின்னால் பெரிய கதை எதுவும் கிடையாது, வயது தன்பாட்டில் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து திரும்பினால் வெளிநாட்டிலிருந்து தம்பியின் போன் வரும். "அங்க வெயில் எப்படி?" என்பான். அவனும் சர்வேதான் எடுக்கிறான் போலிருக்கிறது. பஸ் நிலையத்தில் சேத்துப்பட்டு பஸ்ஸைப் பார்த்தால் ஏறிவிடலாமா என்று கால் பரபரக்கும். இறங்கி எங்கே போவது என்று யோசிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும்.

எங்கள் கேள்விகளில் கடைசியாக ஒன்று உண்டு. "திடீரென்று பெரிய கஷ்டம் வந்தால் யாரிடம் போவீர்கள்? ஒரு வீட்டையாவது சொல்லுங்கள்." நெல் பயிரிடும் கிராமங்களில் ஜனங்கள் மாமன், மச்சான், சங்கத் தலைவர் என்று அடுக்கினார்கள். ஆரணியில் பட்டுத் தறி ஓடும் தெருக்களில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"யாரும் இல்லீங்க."

ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நெய்வார்கள். அவள் வாய் ஓயாதவள். பவர்லூம், பட்டு விலை, பக்கத்துக் கல்யாணம் எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. இந்தக் கேள்வி வந்ததும் மட்டும் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி குனிந்துகொண்டாள். "எதிர் வீடு, பக்கத்து வீடு?" என்று எடுத்துக் கொடுத்தேன். "யாரும் இல்லைன்னே போட்டுக்குங்க மேடம்," என்றாள்.

முதலில் அந்தப் பதில் என்னை உலுக்கியது. போகப்போக, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது எனக்குப் பிடித்துப்போனது. இத்தனை தறிச் சத்தத்துக்கு நடுவில், இத்தனை பிள்ளை குட்டிகளோடு இருக்கிறவர்களுக்கும் யாருமில்லை என்றால், நான் ஒன்றும் அதிசயப் பிறவி இல்லை. அறைக்குத் திரும்பி ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கும்போதும் அது ஆறுதலாக இருந்தது. ஊரே எனக்குத் துணை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆய்வுத் தலைவருக்கு அந்தப் பதில் வேறு விதத்தில் பிடித்தது. அக்கம்பக்கத்து உதவி இல்லாத சமூகம் பருவநிலை ஆபத்தில் சீக்கிரம் விழும், ஆகவே இப்படிப்பட்ட இடங்களில் கடன் கொடுக்கும்போது வங்கிகள் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க விதி வேண்டும் என்று ஒரு பரிந்துரையை எழுதிவிட்டார். கூடுதல் எச்சரிக்கை என்றால் என்னவென்று வங்கி வாசலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்னும் நாலு நடை அலைய வேண்டும், கடைசியில் வெளியே வட்டிக்கு வாங்க வேண்டும்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், விட்டுப்போன சில கேள்விகளைக் கேட்க அந்த வாயாடிப் பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்போது பிடித்தது மழை. சாக்கடை நிரம்பித் தெருவில் தண்ணீர் ஏற, தறிக்குழியில் அடியிலிருந்து ஊற்றெடுக்க ஆரம்பித்தது. தறியில் பாதி நெய்த முகூர்த்தப் புடவை. அறுத்து எடுத்தால் போச்சு. நெய்த துணி சுருட்டிய கட்டையையும் பின்னால் நீண்டு கிடக்கும் பாவு நூலையும், தொய்யாமல், சிக்காமல், அப்படியே கிடைமட்டமாகத் தூக்க வேண்டும். இரண்டு பேரால் ஆகிற காரியமில்லை.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் புருஷனோடு சேர்ந்து, பாவை இழுத்துக் கட்டியிருந்த பின்கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். அதற்குள் ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். எதிர் வீட்டுக்காரர் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கட்டையின் ஒரு முனையைப் பிடித்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் பாவின் கீழே கையைக் கொடுத்தார்கள். "ஜல்தி, ஜல்தி! தொய்ய வுடாதே!" என்று யாரோ கத்தினார்கள். மேலே நாலு பேர் தார்ப்பாய் பிடிக்க, சாமி புறப்பாடு போல அந்தப் பட்டு தெருவைக் கடந்து, படி உயர்ந்த ஒரு வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. நானும் கை கொடுக்கப் போனேன். "மேடம், நீங்க ஓரமா நில்லுங்க, நனைஞ்சிடுவீங்க," என்றார்கள். நின்றேன். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று அவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். நன்றி என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. தலையைத் துவட்டிக்கொண்டிருந்த அவளிடம் போய், "யாரும் இல்லைன்னு சொன்னீங்களே!" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை, 'பாவம், படிச்ச பொம்பளை' என்பதுபோல இருந்தது. "அதெப்படி மேடம் சொல்றது? நீங்க கஷ்டத்தைப் பேசிகினு, கூடவே ஒரு வீட்டைச் சொல்லுன்னா? தறியில பாவு ஏத்தி விளக்கு வச்ச வீட்ல உக்காந்துகினு அப்படிச் சொன்னா, அந்தக் கஷ்டம் நேரா அவங்க வாசலுக்குப் போயிடும். நல்லா இருக்கறவங்கள எதுக்கு இழுக்கறது?"

"தெருவில் எல்லோரும் அப்படித்தானா?"

"பின்ன? எங்களுக்கு வேண்டியவங்கள நாங்களே கெடுப்போமா?"

மழை விட்டதும் அறைக்கு வந்து தலைவருக்குப் போன் செய்தேன். பதில்கள் தப்பில்லை, கேள்விதான் தப்பு என்றேன். அவர் முனகினார். கடைசியில், அந்தப் பகுதியை நிறுத்திவைத்து மறுபடி கேட்டுவரச் சொன்னார். இந்த முறை, "போன மழையில் நீங்கள் யார் யார் வீட்டுக்குக் கை கொடுக்கப் போனீர்கள்?" என்று கேட்டேன். சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். பரிந்துரையும் அறிக்கையிலிருந்து போய்விட்டது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அன்று ராத்திரி ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கும்போது ஆறுதலாக இல்லை. அத்தனை 'யாருமில்லை'யிலும் நிஜமாக யாரும் இல்லாதவள் நான் ஒருத்திதான் என்று ஆகிவிட்டதே. இருந்த துணையும் போனதுபோல இருந்தது.

வேலை முடிந்து ஊரை விட்டுக் கிளம்பும்முன் அவளிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். டீ போட்டுக் கொடுத்தாள். நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தவள், "எங்களை இவ்ளோ கேட்டீங்களே மேடம், உங்களுக்கு ஒண்ணுன்னா யார் வீட்டுக்குப் போவீங்க?" என்றாள்.

அத்தனை மாதத்தில் ஒருவரும் என்னைக் கேட்காத கேள்வி. தம்பியை நினைத்தேன். வாடகைக்கு மட்டும் கதவைத் தட்டும் வீட்டுக்காரரை நினைத்தேன். எந்த வீட்டையாவது சொல்லித் தொலைக்கலாமா என்று பார்த்தேன்.

"யாரும் இல்லைங்க," என்றேன்.

அவள் முகம் அப்படி மலர்ந்தது. "பாத்தீங்களா, மேடமும் கத்துக்கினாங்க!" என்று தறியிலிருந்த புருஷனிடம் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லாதீங்க, சொல்லவே சொல்லாதீங்க. யாரா இருந்தாலும் அவங்க நல்லா இருக்கட்டும்," என்றாள்.

"ஆமாம், நல்லா இருக்கட்டும்," என்றேன் நானும்.