கழுவினாலும் போகாத பட்டை

"சித்திரை 20, செவ்வாய். காலை 7.10. தம்பியின் நெற்றியில் மூன்று வெளிர் கோடுகள். சோப்பு, கடலை மாவு, ஈரத்துணி எதற்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள்."

என் முகப்பரு நோட்டில் உள்ள பதிவு இது. முகப்பருவுக்கு ஒரு நோட்டா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், நூறு பக்கம், கோடு போட்டது. முப்பத்தாறு வயதில் தாடையில் பரு வந்தால் அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. அலுவலகத்தில் சொன்னால் சிரிப்பார்கள். ஆகவே எழுதினேன். "தாடை வலது 4, இடது 2, மூக்கு ஓரம் 1" என்று நாள்தோறும் எண்ணிக்கை. தூங்கிய நேரம், சாப்பிட்ட பலகாரம், தடவிய மருந்து எல்லாம் தேதியோடு இருக்கும்.

வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு மருந்துக்கடை. அங்கே கல்லாவில் இருக்கும் அக்கா, சீட்டு இல்லாமலே வாங்கக்கூடிய சாலிசிலிக் அமில ஜெல்லைக் கொடுத்தபோது மூன்றே விஷயம் சொன்னார். "நைட்ல மட்டும் போடுங்க. பட்டாணி அளவு போதும். பகல்ல வெயில்ல போனா சன்ஸ்கிரீன் இல்லாம போகாதீங்க." உள்ளே மடித்து வைத்திருந்த காகிதத்தை வீட்டில் பூதக்கண்ணாடி வைத்து முழுவதும் படித்தேன். அதிலும் அதேதான் இருந்தது, இன்னும் பயமுறுத்தும் மொழியில்.

முதல் வாரம் எரிச்சல். இரண்டாம் வாரம் மூக்கோரத்தில் வெங்காயச் சருகு போல உரிந்தது. மூன்றாம் வாரம் ஏழு பரு பதினொன்றானது. உள்ளே இருப்பதையெல்லாம் மேலே கொண்டுவந்த பிறகுதான் குறையும் என்று கடைக்கார அக்கா சொன்னதை நம்பிக் காத்திருந்தேன். ஆறாம் வாரம் வெள்ளிக்கிழமை, "தாடை 0" என்று எழுதி அதன் கீழே இரண்டு கோடு போட்டேன். அன்று எனக்காக நானே அரை கிலோ ஜாங்கிரி வாங்கி வந்தேன்.

அந்த ஜாங்கிரியைத் தின்றுகொண்டே என் தம்பி கேட்டான்: "அக்கா, அந்த ஜெல் எனக்கும் கேக்குமா?"

அவன் செங்கம் சாலையில் ஒரு பைக் ஷோரூமில் வேலை செய்கிறான். நாள் முழுக்க ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டிக் காட்டுவதால் அவனுக்கு நெற்றி முழுக்கப் பரு. அதுவரை கவலைப்படாதவன் அன்று கவலைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அதே ஷோரூமில் சர்வீஸ் பிரிவில் வேலை பார்க்கும் பெண்ணும் அவனும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, ஞாயிறு சித்திரை 25 அன்று வரச் சொல்லியிருந்தார். செங்கத்துப் பக்கம் கிராமத்தில் இருக்கும் எங்கள் அம்மாவும் அப்பாவும், "முதல்ல நீ போய்ப் பார்த்துட்டு வா, அவர் சரின்னா நாங்க வர்றோம்" என்று என்னிடம் பொறுப்பை விட்டிருந்தார்கள்.

அந்தப் பெண்ணே எனக்குப் போன் செய்து எச்சரித்திருந்தாள். "எங்கப்பாவுக்கு ஜாதி, ஜாதகம் எதுவும் பிரச்சினை இல்லீங்கக்கா. பட்டைதான் பிரச்சினை. போன வருஷம் ஒருத்தர் நெத்தி நிறைய விபூதியோட பொண்ணு பார்க்க வந்தாரு. எங்கப்பா மோர் குடுத்து, வெயில் தாழப் போங்கன்னு அனுப்பிச்சிட்டாரு."

கடவுள் இல்லை என்பவர் அவர். குடியிருப்பதோ அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையின் மேலேயே. விவசாயம் போக, வாசலில் ஒரு கடை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி இளநீரும் தண்ணீர் பாட்டிலும் விற்பார். "நடப்பது உங்கள் விருப்பம், தண்ணீர் குடிப்பது அவசியம்" என்று தன் கையாலேயே எழுதிய பலகை கடையில் தொங்குகிறது.

தம்பிக்கு ஜெல் கொடுத்தேன். விதிகளையும் சொன்னேன். அவன் விதிகளைக் கேட்டான். கேட்டதோடு சரி. ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை போட்டால் பாதி நாளில் போய்விடும் என்று கணக்குப் போட்டுக் காலையிலும் தடவத் தொடங்கியதை எனக்குச் சொல்லவில்லை. பட்டாணி என்றது அவன் கையில் நெல்லிக்காய் ஆயிற்று.

அதோடு நின்றிருந்தால் நெற்றி சிவந்திருக்கும், அவ்வளவுதான். சித்திரை 18, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, நெற்றி நிறைய ஜெல்லோடு அவன் கிரிவலம் கிளம்பிவிட்டான். வேண்டுதல். என்ன வேண்டுதல்? கடவுளை நம்பாத மாமனார் சம்மதிக்க வேண்டும் என்று கடவுளிடம் வேண்டுதல்.

எட்டு லிங்கத்திலும் கும்பிட்டு, எட்டு இடத்திலும் விபூதி வாங்கி, அதே மூன்று கோட்டின் மேலேயே திரும்பத் திரும்பப் பூசியிருக்கிறான். சுற்றி முடிக்கும்வரை அழிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். பெண் வீட்டு வாசலைக் கடக்கும்போது மட்டும் துண்டை முக்காடு போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போயிருக்கிறான். மற்றபடி சித்திரை வெயிலில் ஐந்து மணி நேரம், தலையில் ஒன்றும் இல்லாமல்.

திங்கட்கிழமை நெற்றி தக்காளியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை சிவப்பு இறங்கிக் கருத்தது. விபூதி மூடியிருந்த மூன்று பட்டை மட்டும் பழைய நிறத்திலேயே, ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தாற்போல் நின்றது.

"இன்னாடா இது, விபூதியைக் கழுவவே இல்லியா?" என்றேன்.

"ரெண்டு நாளா கழுவிக்கிட்டேதான் இருக்கேன். இது வேற எதுவோ."

எனக்கு முதலில் வந்தது சிரிப்புதான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். கண் கலங்கியிருந்தது. "அக்கா, அவரு மோர் குடுத்து அனுப்பிச்சிடுவாருக்கா."

மருந்துக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடைக்கார அக்கா கவுண்டரைத் தாண்டி வெளியே வந்து, வெளிச்சத்தில் அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார்.

"பதினாறு வருஷமா கடை வெச்சிருக்கேன். இந்த மாதிரி யாரும் வந்ததில்ல."

"எப்ப போகும்?"

"ரெண்டு மாசம் ஆவும். ஜெல்லை இன்னியோட நிறுத்துங்க. வெறும் கிரீம், சன்ஸ்கிரீன், தொப்பி. வேற எதையும் தேய்க்காதீங்க. எலுமிச்சம்பழம் தேய்ச்சேன்னு வந்து நின்னா உள்ளயே விட மாட்டேன்."

சனிக்கிழமை மாலை என் பவுடரைப் பூசிப் பார்த்தோம். உரிந்த தோலில் அது திட்டுத்திட்டாக ஒட்டி, மூன்று பட்டை ஐந்து பட்டையாகத் தெரிந்தது. தம்பி வீடியோவில் அந்தப் பெண்ணிடம் காட்டினான். அவள் போனைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சிரிப்பது மட்டும் கேட்டது. பிறகு, "அலர்ஜின்னு சொல்லிடு, ப்ளீஸ், வேற எதுவும் சொல்லாத" என்றாள். அலர்ஜி என்றே சொல்வதென்று முடிவாயிற்று. மறுநாள் தம்பி பஸ்ஸில் போகும் வழியெல்லாம் "அலர்ஜிங்க, அலர்ஜிங்க" என்று பழகிக்கொண்டே வந்தான்.

பெண் வீட்டில் எங்களைக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். பெண்ணின் அப்பா வந்தார். மெலிந்த உயரமான மனிதர், அரைக்கைச் சட்டை, முகத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. தம்பியின் நெற்றியைப் பார்த்தார். உட்கார்ந்தார். மறுபடி பார்த்தார். சமையலறைக் கதவோரம் அந்தப் பெண் கையை மடித்துக்கொண்டு நின்றாள்.

"பட்டையா, தம்பி?"

தம்பி வாயைத் திறந்தான். அலர்ஜி வரவில்லை. "பட்டை இல்லீங்க. பட்டை இருந்த இடமுங்க" என்றான்.

நான் அவன் காலை மிதித்தேன். அவன் நிறுத்தவில்லை. ஹெல்மெட்டில் தொடங்கி, ஜெல், காலை மாலை இரண்டு வேளை, கிரிவலம், எட்டு லிங்கம், வெயில் என்று ஒன்று விடாமல் சொன்னான்.

"கிரிவலம் எதுக்குப் போனே?"

"நீங்க சம்மதிக்கணும்னு வேண்டிக்கிட்டுங்க."

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன், 11.25. அவர் மேல்துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நான் பயந்த நேரத்தில் சிரிப்பு வெடித்தது. இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார்.

"நான் சம்மதிக்க நீ அங்க மனு குடுத்தியா? பதினாலு கிலோமீட்டர் சுத்தி? வழியிலதான வீடு இருக்குது, ஒரு எட்டு உள்ள வந்து கேட்டிருக்கலாம்ல?"

"பயமுங்க."

"என்னைப் பார்த்தா?"

"ஆமாங்க."

"அப்ப சரி. இருக்கறவங்களைப் பார்த்து பயப்படறது தப்பில்ல." சமையலறைப் பக்கம் திரும்பி, "மோர் வேணாம், சாப்பாடு போடுங்க" என்றார். கதவோரம் நின்றிருந்த பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

சாப்பிடும்போது அவர் கல்யாணத்தைப் பற்றி ஒரு நிபந்தனை மட்டும் சொன்னார்: ஐயர் கிடையாது, மாலை மாற்றிக்கொள்வது மட்டும். எங்கள் அப்பாவை நான் சம்மதிக்க வைக்கிறேன் என்றேன். மீதி நேரமெல்லாம் அவருக்கு நெற்றியைப் பற்றித்தான் பேச்சு. என்ன அமிலம், எத்தனை சதவீதம், எத்தனை நாள். என் பையில் நோட்டு இருந்தது. கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வலக்கையில் ரசம் சாதம் காய, இடக்கையால் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "தாடை 0" என்ற இடத்தில் நிறுத்தி, "இது என்னம்மா, ரெண்டு கோடு?" என்றார். சொன்னேன். பலமாகத் தலையாட்டினார்.

கோடுகளுக்குக் காரணம் வெயில் படாததுதான் என்றேன் நான். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சாம்பல் காரம், அது அமிலத்தை அந்த இடத்தில் முறித்திருக்கும் என்பது அவர் கட்சி. பாயசம் வரும்வரை வாதாடினோம். யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. அதற்குள் தம்பியின் நெற்றி ஒரே நிறத்துக்கு வந்துவிட்டது. ஆடி 9 அன்று மேல் கோடும், 14 அன்று மற்ற இரண்டும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. புரட்டாசியில் ஒரு நாள் தம்பி மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: அவள் அப்பா வாதத்தைத் தீர்த்துவிடத் தன் முன்னங்கையில் ஜெல்லைப் பூசி, அவள் அம்மாவின் சாமி அலமாரியிலிருந்து யாருக்கும் தெரியாமல் விபூதி எடுத்து மூன்று கோடு போட்டு, ஒரு பக்கம் குடையின் கீழும் ஒரு பக்கம் வெயிலிலுமாகக் கடையில் உட்கார்ந்திருந்தாராம். பட்டை விழுந்துவிட்டதாம். போனில் கேட்டேன். "அப்படி எதுவும் இல்லம்மா, புரளி" என்றார். அவர் இப்போது முழுக்கைச் சட்டைதான் போடுகிறார் என்பது உண்மை, நானே பார்த்தேன். சட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதை இதை எழுதும் நாள்வரை நான் சரிபார்க்கவில்லை.