மூக்கு சாரும் அன்னாசிப்பூ மூட்டையும்

கம்பெனியில் அவருக்கு மூக்கு சார் என்று பேர். அவர் வீட்டில் ஒரு சாவுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். மூலிகைத் தேநீர்ப் பொட்டலம் போடும் கம்பெனி. வந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி அள்ளி முகர்ந்து, தேறுமா தேறாதா என்று சொல்வது அவர் வேலை. இருபத்தெட்டு வருஷம்.

கடைசி ஆறு வருஷம் அந்த மூக்கு வேலை செய்யவில்லை. ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மகளிடம் மட்டும் சொன்னார். அவள் வேறு ஊரில் மூலிகை ஆய்வகத்தில் இருப்பவள்.

"ஊர்ப் பேரை நம்பாதீங்கப்பா. ஒரே பேர்ல நாலு செடி இருக்கும். ஆர்டர்லயே லத்தீன் பேரை எழுதிடுங்க. அதுல ஒரு செடிக்கு ஒரு பேர்தான்" என்றாள்.

அன்றிலிருந்து முகர்வது பாவனை. நம்பியது காகிதத்தை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது அன்னாசிப்பூ. பேர்தான் அப்படி. அன்னாசியும் இல்லை, பூவும் இல்லை. ஒரு மரத்தின் உலர்ந்த காய். கைக்குழந்தைகளின் வயிற்று உப்புசத்துக்கான தேநீரில் போடுவது. வியாபாரி புதியவர் என்பதால் ஆர்டரில் லத்தீன் பேரை இவரே எழுதியிருந்தார், அலமாரியில் கிடந்த பழைய கையேட்டைப் பார்த்து: இலிசியம் அனிசேட்டம். பில்லிலும் அதே பேர். சான்றிதழிலும் அதே பேர். ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோய், தலையாட்டி, கையெழுத்துப் போட்டார்.

மூன்று மணிக்கு, தரையில் சிந்திக் கிடந்த ஒரு காயைக் குனிந்து எடுத்தார். எட்டு முனையும் கொக்கி போல் வளைந்திருந்தன. பழைய சரக்கில் முனை மழுங்கலாக இருக்கும். இன்னொன்றை எடுத்தார். அதுவும் கொக்கி. காலையில் வந்த சரக்கு அதற்குள் தேநீர்ப் பொட்டலமாகியிருந்தது; நான்கு மணிக்கு லாரி கிளம்பும், பிரசவ ஆஸ்பத்திரிக் கடைகளுக்கு.

மகளுக்கு ஃபோன் போட்டார்.

"என்ன பேர் எழுதினீங்க?"

சொன்னார்.

"அப்பா, அது விஷம். குழந்தைக்கு வலிப்பு வரும்."

"அனிசேட்டம்னா சோம்பு வாசம்னுதானே அர்த்தம்?"

"முதல்ல பேர் வெச்சவர் குழப்பிட்டார்ப்பா. நல்ல பேர் போய் விஷக்காய்க்கு ஒட்டிக்கிச்சு. முதல்ல வெச்ச பேர்தான் நிக்கணும்னு தாவரவியல்காரங்க விதி. நல்ல காய்க்கு அப்புறமா வேற பேர் வெச்சாங்க, வேரம்னு. பழைய புத்தகத்துல ரெண்டும் கலந்து கிடக்கும்."

"ஒரு செடிக்கு ஒரு பேர்தான்னு சொன்னியேம்மா."

"ஒரு துண்டைக் கடிச்சுப் பாருங்க. முழுங்காதீங்க. இனிச்சா நல்லது."

மூக்கு போனாலும் நாக்கு இருந்தது. கசந்தது.

மேனேஜர் காகிதங்களைப் பரப்பி வைத்துப் பார்த்தார். "ஆர்டர்ல என்ன இருக்கோ அதுதானே வந்திருக்கு? உங்க கையெழுத்து சார் இது. லேபுக்கு அனுப்புவோம். நாளைக்கு ரிசல்ட். லாரி போகட்டும், தப்புன்னா திருப்பி எடுத்துக்கலாம்."

"குழந்தை வயித்துலேர்ந்து திருப்பி எடுக்க முடியாது சார்."

"நீங்கதானே மோந்து பாத்து பாஸ் பண்ணீங்க? காலையில நல்லா இருந்தது சாயங்காலம் எப்படிக் கெட்டுப்போச்சு?"

மணி மூன்று ஐம்பது. வெளியே லாரிக் கதவை அறைந்து சாத்தும் சத்தம்.

"மோக்கல. எனக்கு வாசனை தெரியாது. ஆறு வருஷமா."

மேனேஜர் ஜன்னலுக்குப் போய், லாரியை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்.

பொட்டலங்களை இறக்கி எண்ணினார்கள். ஒன்று குறைந்தது. ஓரம் கிழிந்த பொட்டலம். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து போன பேக்கிங் அக்கா கையோடு கொண்டுபோயிருந்தாள். வீட்டில் இரண்டு மாதப் பேரன். ஃபோன் அணைந்திருந்தது.

ஆட்டோவில் இருபது நிமிஷம். மாடிப் படியிலேயே குழந்தையின் அழுகை கேட்டது. அழுகிறவரை நல்லது என்று இரண்டிரண்டு படியாக ஏறினார்.

"குடுத்துட்டியாம்மா?"

"அரை ஸ்பூன்தான் சார். மூஞ்சியச் சுளிச்சுது. அப்புறம்தான் நான் வாயில வெச்சுப் பாத்தேன். என்ன சார் சரக்கு இது, இப்படிக் கசக்குது? கொட்டிட்டேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் சொன்ன பேரை ஃபோனில் தட்டினார். "இது சமையல் சாமான்னு போட்டிருக்கே. இதுக்கா இவ்வளவு பதட்டம்?"

"அதை எழுதினவரும் என்னை மாதிரிதான் டாக்டர். பேரை விடுங்க. காயைப் பாருங்க." சட்டைப் பையிலிருந்து கொக்கி முனைக் காய்களை எடுத்து மேஜைமேல் கொட்டினார். மகளைக் கூப்பிட்டு ஃபோனை டாக்டர் கையில் கொடுத்தார். அவள் பேசப் பேச டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள்.

வெளியே பெஞ்சில் பேக்கிங் அக்காவும் அவரும்.

"உங்க மூக்க நம்பித்தானே சார் எடுத்துட்டுப் போனேன்" என்றாள்.

மேனேஜரிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னார். அவள் எழுந்து பெஞ்சின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தாள். அதன் பிறகு அவர் பக்கம் திரும்பவில்லை. உள்ளே ஏதாவது பாத்திரம் விழுந்தாலும் இருவரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள்.

வலிப்பு வரவில்லை. விடிந்ததும் குழந்தை பாலுக்கு அழுதது. நர்ஸ் வந்து சொன்னபோது அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் நேராகக் கம்பெனிக்குப் போய் ராஜினாமா எழுதிக்கொடுத்தார். காரணம் என்று கேட்டிருந்த இடத்தில் மூக்கைப் பற்றி எழுதினார், பழைய கையேட்டைப் பற்றி எழுதினார். லத்தீன் பேரை நம்பச் சொன்னது யார் என்று எழுதவில்லை.