பசுத்தயிர் வைக்காத படையல்

தேங்காய்ப்பாலில் தயிர் உறையாது என்று எனக்குச் சொன்னவர்கள் எல்லோரும் என்னைவிட நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்கள். அவர்களோடு நான் வாதிடவில்லை. உறைந்த பாத்திரத்தை அவர்கள் முன்னே சரித்துக் காட்டினேன்; உள்ளே இருந்தது அசையவில்லை. பார்த்த பிறகும் அது தயிர் அல்ல என்றார்கள். பெயரை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். என் மனைவி அதைச் சோற்றில் விட்டுப் பிசைந்து சாப்பிட்டாள்; மூச்சு முட்டாமல் எழுந்து போய்க் கை கழுவினாள். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

நாங்கள் யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் இருந்தோம். நான் ஒரு கல்லூரியில் இரசாயனம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். அவள் தயிர் இல்லாமல் ஒரு மதியச் சாப்பாட்டையும் முடித்தறியாதவள். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு நீண்ட காய்ச்சலில் இருந்து எழுந்தவளுக்குப் பால் ஒத்துவராமற் போயிற்று. முதலில் உதட்டைச் சுற்றித் தடிப்பு. பிறகு உடம்பெங்கும். அதன் பிறகு ஒருநாள் மூச்சு இழுத்தது. வைத்தியர் விசாரித்து, ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்து, இறுதியில் சொன்னார்: பால், தயிர், மோர், நெய் எதுவும் கூடாது, ஒரு துளியும் கூடாது.

அந்தத் தீர்ப்பை எங்கள் உறவினர் ஏற்கவில்லை. உடம்பில் தடிப்பை எழுப்பும் சாப்பாட்டுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பெயர் உண்டு: கிரந்தி. கத்தரிக்காய் கிரந்தி, இறால் கிரந்தி, நண்டு கிரந்தி. ஆனால் பால்? பிறந்த குழந்தைக்கும் சுவாமிக்கும் கொடுக்கும் பால் எப்படிக் கிரந்தியாகும்? வேலிக்கு அப்பால் குடியிருந்த என் மனைவியின் தமக்கைக்கு இது நேரடியான அவமானமாகவே பட்டது. அவர் கணவரை இழந்தவர். ஒரு பசுவை வளர்த்து, அதன் பாலைத் தங்கைக்கு ஆண்டுக்கணக்காகக் கொடுத்து வந்தவர்.

"என்ரை மாட்டின்ரை பாலோ கிரந்தி?" என்று வேலிக்கு மேலால் கேட்டார். "உந்த டொக்குத்தர் பால்மா குடிச்சு வளந்தவர் போலை."

"பால்மாவும் கூடாதாம், மச்சாள்," என்றேன்.

"அப்ப அவர் தண்ணியிலைதான் வளந்திருக்கிறார்."

என் மனைவி சிரித்தாள். பிறகு அன்று மதியம் ரசத்தோடு எழுந்துவிட்டாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் சொன்னாள்: "இஞ்சருங்கோ, சாப்பிட்டு முடிஞ்ச மாதிரியே இல்லை." அவள் எதையும் கேட்கிற பெண் அல்ல. அதைக் கேட்டதாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அப்போது ஒரு மின்சார அடுப்புப் பாத்திரம் இருந்தது. லண்டனில் இருந்து வந்த என் தங்கை கொண்டுவந்தது. ஸ்லோ குக்கர் என்றாள். கனமான பீங்கான் பாத்திரம் ஒன்று, சூடேறும் உறை ஒன்றினுள் உட்கார்ந்திருக்கும். நெருப்பு இல்லாமல், அவசரம் இல்லாமல் சமைக்கும். அதன் பிளக் எங்கள் சுவரில் பொருந்தவில்லை. கழற்றிவிட்டு வேறு பூட்டினேன். அதுவரை அதில் ஒருமுறை பருப்பு அவித்ததோடு சரி. பருப்பு அவிய அரைநாள் எடுத்ததால் என் மனைவி அதை மேசைக்குக் கீழே வைத்துவிட்டாள். அந்த மந்தச் சூடுதான் எனக்கு இப்போது தேவைப்பட்டது. தயிரை உறைய வைக்கும் நுண்ணுயிர்களுக்கு வேண்டியது அடுப்பு அல்ல, வெதுவெதுப்பு.

தேங்காயின் முதற்பாலை மட்டும் எடுத்தேன். தேங்காய்ப்பால் தானாகக் கட்டியாவதில்லை. மரவள்ளி மாவைக் கரைத்து விட்டு, சூடாக்கித் துழாவினேன். பசுப்பாலில் உள்ள இனிப்பு இதில் குறைவு. நுண்ணுயிர்களுக்குத் தீனியாக ஒரு துண்டு பனங்கட்டி சேர்த்தேன். சிக்கல் உறை ஊற்றுவதில் இருந்தது. எந்த உறையும் பழைய தயிரில் இருந்து வருவது. பழைய தயிர் பாலில் இருந்து வருவது. பழஞ்சோற்றுத் தண்ணீரை விட்டுப் பார்த்தேன்: நுரைத்துப் பொங்கியது, மணம் தாங்கவில்லை. தேசிக்காய்ப் புளி விட்டேன்: திரைந்து போயிற்று. பிறகு எங்கள் தோட்டத்துப் பச்சை மிளகாயின் காம்புகளை ஆய்ந்து போட்டேன். காம்பில் வாழும் நுண்ணுயிர் பாலைப் புளிக்க வைக்கும் என்பது நான் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. ஆனால் தேங்காய்ப்பாலுக்கு அதைச் செய்து பார்த்தவர் எவரும் எங்கள் சுற்றத்தில் இல்லை. மறுநாட் காலை மூடியைத் திறந்தபோது உள்ளே வெள்ளையாக, மேலே சிறிது நீர் விட்டு, கரண்டியால் வெட்டக்கூடியதாக ஒன்று இருந்தது.

அவள் சோற்றில் விட்டுப் பிசைந்தாள். ஒரு வாய் வைத்தாள். நான் அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாக்கிறியள்? நான் என்ன சோதனைக் குழாயோ?"

"நீர் சாப்பிடும்."

"மிளகாய் மணக்குது," என்றாள். பிறகு கோப்பையை வழித்தாள்.

தொண்ணூறில் மறுபடி போர் மூண்டு, மின்சாரம் போயிற்று. பிறகு நாங்கள் அங்கே இருந்தவரை அது வரவில்லை. யாழ்ப்பாணத்துக்குள் எதெது வரக்கூடாது என்று கொழும்பில் முடிவு செய்தார்கள். மண்ணெண்ணெய் கூடாது, பற்றரி கூடாது, சவர்க்காரம் கூடாது. சூடு கூடாது என்று விதிக்க மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை. நான் பீங்கான் பாத்திரத்தை அந்த லண்டன் உறையில் இருந்து வெளியே எடுத்தேன். தேயிலை வந்த பலகைப் பெட்டி ஒன்றில் உமியை நிரப்பி, நடுவில் குழி செய்து, கொதிநீர் விட்டுச் சூடேற்றிய பாத்திரத்தை அதில் இறக்கினேன். சிரட்டை நெருப்பில் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்ட தேங்காய்ப்பாலை அதில் ஊற்றி, மூடி, மேலே ஒரு தலையணையை வைத்து அழுத்தினேன். விடியும்போது பாத்திரத்தில் இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. தயிரும் இருந்தது. ஓர் அரசாங்கத்தை எதிர்த்து நான் செய்தது இவ்வளவே. இதைச் சிறிது என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை.

ஒருநாள் குண்டு போடும் பொம்மர் வந்த சத்தம் கேட்டபோது பாத்திரம் வெளியே இருந்தது. அதையும் தூக்கிக்கொண்டு முற்றத்துப் பங்கர்க் குழிக்குள் இறங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு முன்பே உள்ளே குந்தியிருந்தார்.

"என்ன மாஸ்டர், நகையோ?"

"தயிர்."

"முதலே சொல்லியிருந்தால் நான் சோத்தைக் கொண்டு வந்திருப்பன்."

அதன் பிறகு அவர் அதைப் பங்கர்த் தயிர் என்றே அழைத்தார். சகித்துக்கொண்டேன்.

சகிக்க முடியாத ஒன்று அடுத்த ஆண்டு நடந்தது. நான் சங்கக்கடையின் பங்கீட்டு வரிசையில் நின்ற ஒரு முற்பகலில், மச்சாள் வந்து அடுப்படியில் எனக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி வைத்திருந்தார். தங்கை ஆண்டுக்கணக்காகப் பொய்த்தயிர் சாப்பிடுகிறாளே என்ற இரக்கம் அவருக்கு. உறை இல்லாமல் எந்தத் தயிரும் உறையாது என்ற உறுதியும் அவருக்கு. என்னிடம் சொல்லாமல், தம்முடைய பசுத்தயிரில் ஒரு கரண்டியை அதில் விட்டுக் கலக்கினார். மறுநாள் மதியம் என் மனைவி இரண்டாம் வாயோடு கோப்பையைத் தள்ளினாள். உதடு வீங்கியது. கண் இமைகள் மூடிக்கொண்டன. மூச்சு, ஊதும் ஒலியாக மாறியது. அவளைச் சைக்கிள் கரியரில் இருத்தி, மச்சாள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஊசிமருந்து இருந்தது. அது இருந்திராத நாட்களும் உண்டு.

"ஒரு கரண்டிதான் தம்பி," என்றார் மச்சாள், ஆசுபத்திரி விறாந்தையில். "நல்லாய் உறையட்டும் எண்டுதான் விட்டனான்."

"நல்லாய்த்தான் உறைஞ்சது," என்றேன்.

அதற்குப் பிறகு தயிர்ப் பெட்டியின் பக்கம் ஒருவரையும் நான் விடவில்லை. மச்சாளையும் விடவில்லை. மனைவி எனக்குக் கடுமை கூடிவிட்டது என்றாள். கூடியது உண்மை. நான் அதைக் குறைத்துக்கொள்ளவில்லை.

தொண்ணூற்று நான்கில் அவள் இறந்தாள். பாலால் அல்ல, இருதயத்தால். வைத்தியர் அப்படிச் சொன்னார். தேவைப்பட்ட மருந்து இல்லை என்றும் சொன்னார். அதைப்பற்றி இங்கே மேலும் எழுதுவதாக இல்லை.

எங்கள் ஊரில் எட்டாம் நாளில் எட்டுச் செலவு செய்வார்கள். இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து, தலைவாழை இலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பார்கள். உள்ளே அவர் வந்து சாப்பிட்டுப் போவதாக நம்பிக்கை. நான் அதை நம்புகிறேனா என்பதை என்னிடம் எவரும் கேட்கவில்லை. அன்று காலை மச்சாள் பித்தளைச் செம்பொன்றில் தம்முடைய பசுத்தயிரோடு வந்தார். நான் பலகைப் பெட்டியைத் திறந்து, இரவு உறைய வைத்ததை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"உதென்னத்துக்கு இண்டைக்கு?" என்றார்.

"அவளுக்கு."

"தம்பி, அவள் இருக்கேக்கை நீங்கள் சொன்னதைக் கேட்டனாங்கள். செத்தாப் பிறகு என்ன கிரந்தி? ஆத்துமாவுக்கும் அலர்ஜியோ?"

"ஆத்துமாவுக்குப் பசி இருக்கோ, மச்சாள்?"

"இருக்கெண்டுதானே விடியத் தொடக்கம் சமைக்கிறம்."

"பசி இருக்கெண்டால் கிரந்தியும் இருக்கும். வயிறு மட்டும் அங்கை போய்ச் சேந்து, தோல் இஞ்சை நிண்டிட்டுதோ?"

சடங்கை முன்னின்று நடத்திய மனைவியின் சிறிய தகப்பனார், நான் மாமா என்று அழைப்பவர், வாசலுக்கு வந்தார். "முறை எண்டு ஒண்டு இருக்குத் தம்பி. படையலுக்குப் பசுத்தயிர்தான். தேங்காய்ப்பாலைத் தயிரெண்டு வைச்சால் ஆர் ஏற்கிறது?"

"சாம்பலைக் கீரிமலையிலை கரைக்கிறதுதான் முறை, மாமா. நாங்கள் வல்லிபுரக் கடலிலை கரைச்சனாங்கள்."

"கீரிமலையிலை ஆமி நிக்குது, பாதை இல்லாததுக்கு நாங்கள் என்ன செய்யிறது? கடல் எல்லாம் ஒண்டுதான்."

"அப்ப தயிரும் எல்லாம் ஒண்டுதான்."

மாமா துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். 'படிப்பிச்ச வாய்' என்பது மட்டும் எனக்குக் கேட்டது.

வாதத்தில் வெல்வது போதாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. இலையில் கடைசியாகப் பரிமாறுவது நெருங்கிய பெண் உறவின் உரிமை. அது மச்சாளுக்கு உரியது. அந்த நேரத்தில் ஆண்கள் உள்ளே நிற்பதில்லை. நான் தேங்காய்ப்பால் தயிரை ஒரு கோப்பையில் விட்டு இலையின் ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே வர வேண்டியிருந்தது. அவர் உள்ளே போனார். சேலைத் தலைப்பு கையை மூடியிருந்தது. செம்பு கையில் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. சிறிது நேரத்தில் வெளியே வந்து கதவைச் சாத்தினார். நாங்கள் முற்றத்தில் காத்திருந்தோம். ஒருமுறை இரக்கத்தால் செய்தவர், இப்போது பக்தியால் செய்யமாட்டாரா? என் மனைவி உள்ளே வருவாள் என்பதை நான் நம்பவில்லை. ஆனாலும் அந்தக் கதவுக்கு இப்பால் நின்று, அவளுடைய உதட்டைப் பார்க்கமுடியாத ஒருவனாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

கதவைத் திறந்ததும் நேரே இலைக்குப் போனேன். நான் வைத்த கோப்பை வைத்த இடத்தில் இருந்தது. தயிர் கலங்கவில்லை. பக்கத்தில் வேறொன்றும் இல்லை.

"என்னை ஏன் அப்பிடிப் பாக்கிறியள்?" என்றார் மச்சாள், பின்னால் நின்று. "நான் வைக்கேல்லை. அண்டைக்கு சைக்கிளிலை அவளின்ரை முகத்தை நானும்தானே பாத்தனான்."

நான் குனிந்து, கோப்பையை இலையின் நடுவுக்கு நகர்த்தி வைத்தேன்.

பிறகு பந்தி நடந்தது. மாமா சோற்றைக் குழைத்து முடித்து, அடுப்படியில் மூடியிருந்த செம்பைக் கண்ணால் காட்டி, தயிர் கேட்டார். மச்சாள் எழுந்தார். நான் அவரை இருக்கச் சொன்னேன்.

"அவளுக்கு ஏலாததை அவளின்ரை வீட்டிலை இண்டைக்கு ஒருத்தரும் சாப்பிடமாட்டினம், மாமா," என்றேன். பீங்கான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவர் இலைக்கு முன்னால் போய் நின்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு சோற்றில் ஒரு குழி செய்தார்.

"விடுங்கோ தம்பி, பாப்பம்."