பின்சீட்டில் சிவபாக்கியம்

குழந்தைவேலின் பிளஷர் காரில் ஒரு நாள் சுற்றினால் கொடைக்கானலையே கரைத்துக் குடித்துவிடலாம் என்று ஏரிக்கரை டாக்சி ஸ்டாண்டில் ஒரு பேச்சு உண்டு. தூண் பாறைக்கு வெள்ளனே போய்விட வேண்டும், வெயில் ஏறினால் மேகம் வந்து மூடிவிடும். வானம் வெளுத்த நாளில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனால் பழனி மலை தெரியும். கோக்கர்ஸ் வாக்கில் கம்பளி இல்லாமல் நடந்தால் ஊருக்கு இருமலோடுதான் திரும்ப வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்தால் இப்படி வாய் ஓயாது அவனுக்கு. வண்டி முதலாளியுடையது, பேச்சு மட்டும் அவனுடையது.

வீட்டுக்கு வந்தால் அதே வாயில் கொழுக்கட்டை. சோற்றைச் சாப்பிடுவான், கையைக் கழுவுவான், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்வான். "இன்னைக்கு எங்க போனீங்க?" என்று சிவபாக்கியம் கேட்டால், "எங்க போவாங்க, எல்லாரும் போற எடந்தேன்" என்பான். ஊரெல்லாம் அளந்துவிட்டு வருகிறவனுக்குப் பெண்டாட்டியிடம் பேச நாலு வார்த்தை மிச்சம் இல்லையாம்! ஆனந்தகிரியில் ஒரு வீடு, குழாயடி, சந்தை. அவள் பார்த்த கொடைக்கானல் அவ்வளவுதான். தூண் பாறைக்குக் கூட்டிப்போங்கள் என்றால் சீசன் முடியட்டும் என்பான். சீசன் முடிந்தால் மழை, மழை விட்டால் பனி. அவளும் கேட்டு அலுத்துப்போனாள்.

ஐம்பத்தொன்பதாம் வருஷத்துப் பனியில் அவளுக்குக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. இருதயம் பலவீனமாக இருக்கிறது, மலைக் குளிர் ஆகாது, மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார் டாக்டர். முதலாளி வண்டியைக் கொடுத்தார். அவள் தங்கை கண்மணி வத்தலக்குண்டில் ஏறிக்கொண்டு துணைக்கு வருவதாக ஏற்பாடு.

பின்சீட்டில் தலையணைகளை அடுக்கி அவளைச் சாய்த்து உட்கார வைத்தான். செண்பகனூரைத் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, வாரவங்களுக்கெல்லாம் சொல்லுவீங்களே, அத எனக்குஞ் சொல்லுங்களேன்."

"இப்பவா? பேசாமக் கண்ண மூடிக்கிட்டுக் கெட."

"நீங்க பேசுனாக் கேட்டுக்கிட்டே வருவேன்ல. மூச்சு முட்டுறது தெரியாது."

யார் யாருக்கோ சொன்னதுதான். சொந்தப் பெண்டாட்டிக்குச் சொல்ல நாக்குக் கூசியது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இதுதாங்கம்மா வெள்ளி அருவி" என்றான், பழக்க தோஷத்தில்.

"அம்மாவாம்!" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவனுடைய கூச்சம் போய்விட்டது. பெருமாள்மலையில் பிளம்ஸ் தோட்டங்களைக் காட்டினான். ஊத்து கிராமத்தில் தாண்டிக்குடிப் பக்கம் பிரிகிற ரோட்டைச் சொல்லி, "அங்கிட்டுக் காப்பி பூத்துச்சுன்னா வாசம் ஆளத் தூக்கும்" என்றான். எல்லாவற்றுக்கும் அவள் 'ம்' கொட்டினாள்.

ஊத்துக்குக் கீழே 'ம்' வரவில்லை. மலை டிரைவர்கள் இறக்கத்தில் தலையைத் திருப்ப மாட்டார்கள். பின்சீட்டில் சத்தம் அடங்கிவிட்டால், ஏறியவர்கள் பள்ளத்தாக்கைப் பார்த்துச் சொக்கிப்போனார்கள் என்றுதான் அவர்கள் அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள். குழந்தைவேலும் அப்படித்தான் நினைத்தான். பாவி, இன்னும் உற்சாகமாகச் சொன்னான்.

டம்டம் பாறையில் வேகத்தைக் குறைத்தான். "அந்தா, வெள்ளையா நூல் கணக்கா விழுகுதுல்ல, அதுதேன் தலையாறு அருவி. வெள்ளக்காரங்க எலிவாலும்பாங்க." பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "ஊருக்கெல்லாம் காட்டுனேன். ஒன்ன ஒரு நா கூட்டியாரல. தப்புத்தேன் சிவபாக்கியம். நல்லாகி வா. நீயும் நானும் மட்டும் வருவோம். வண்டிய ஓரங்கட்டிட்டு ஒக்காந்து பாப்போம்."

அவளிடம் அவன் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. பதில் வராதபோது, அழுகிறாள் போலிருக்கிறது, அழட்டும் என்று விட்டுவிட்டான். அவனுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. மலையடிவாரத்துக் காட்ரோடு வரைக்கும் எதையாவது சொல்லிக்கொண்டே இறங்கினான்.

வத்தலக்குண்டில் கண்மணி துணிப்பையோடு நின்றிருந்தாள். பின்கதவைத் திறந்து, "அக்கா" என்றாள். தொட்டுப் பார்த்து, "அக்கா!" என்று அலறினாள். "அத்தான், கை சில்லுன்னு கெடக்கே! எப்பத்துலருந்து பேசல?"

குழந்தைவேல் ஓடி வந்து பார்த்தான். ஊத்துக்கும் இந்த இடத்துக்கும் நடுவில் எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை. அத்தனை வளைவையும் தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடியவன் அவன்.

"டம்டம் பாறையில அவகிட்ட ஒண்ணு சொன்னேன் கண்மணி" என்றான். "கேட்டிருப்பாளா?"

அக்காவின் கண்களை மூடப்போன கண்மணி அப்படியே நின்றாள். சிவபாக்கியத்தின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

"இவ மலையவே பாக்கல அத்தான். ஒங்க முதுகத்தேன் பாத்துக்கிட்டே வந்திருக்கா."