சந்தனம் வைத்த சிலிண்டர்

ஃபிரிட்ஜ் கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் பீப், பீப் என்று கத்தும். வெட்கமில்லாத சத்தம். டில்லியில், துவாரகா பிளாட்டில் உட்கார்ந்திருக்கும் நான் அதைக் கேட்டதும் எழுந்துபோய், பத்திருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு பரிசோதனைக்கூட நடைவழியில் நின்றுவிடுகிறேன்.

என் மனைவி அங்கே ஸ்டெம் செல் வளர்த்துக்கொண்டிருந்தாள். எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்தவை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி வெறிபிடித்து உடம்பையே அடிக்கக் கிளம்பினால், போதும் உட்கார் என்று தோளை அழுத்துகிற செல்கள். மஜ்ஜைக்குள் ஆக்ஸிஜன் குறைவு. அதே குறைந்த காற்றில் வளர்த்தால் இவற்றின் சமாதானம் செய்யும் குணம் கூடுமா, குறையுமா? சாப்பாட்டுக்கு நடுவே, ஆட்டோவுக்குள், சரோஜினி நகரில் ஸ்வெட்டருக்குப் பேரம் பேசும்போது, எங்கும் இதே கேள்வி. குளிர்காலத்தில் நடக்கும் ஆய்வுக் கூட்டத்துக்குள் பதில் காட்டாவிட்டால் அவளுடைய புராஜெக்ட் நின்றுவிடும். மஜ்ஜையும் கேட்டபோதெல்லாம் கிடைக்காது.

செல்கள் இருந்த பெட்டிக்குள் நைட்ரஜன் போய்க்கொண்டே இருந்தால்தான் ஆக்ஸிஜன் ஏறாமல் நிற்கும்; ஏறினால் பெட்டி பீப், பீப் என்று கத்தும். அந்தச் சிலிண்டர் வெளியே நடைவழியில், சங்கிலி போட்டுச் சுவரோடு நிற்கும்.

ஆயுத பூஜையன்று அங்கே எல்லா மெஷினுக்கும் பொட்டு வைப்பார்கள். தலைமை விஞ்ஞானி நம் ஊர்க்காரர். குடும்பத்தோடு போகலாம். திருச்சியிலிருந்து வந்திருந்த என் மாமனாரும் வந்தார். ரயில்வே பணிமனையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். சுண்டலை மென்றபடி நடைவழியில் உலாத்தியவர், சிலிண்டருக்கு மட்டும் யாரும் சந்தனம் வைக்கவில்லை என்று கண்டார். வைத்தார். குங்குமமும் வைத்தார். அப்புறம் வால்வை இறுக்க மூடினார்.

மறுநாள் காலை அவளைக் கொண்டுவிடப் போனபோது பூட்டிய கதவுக்கு அப்பால் பீப், பீப். நேற்றிலிருந்தே அடிக்கிறது என்று காவலாளி ஹிந்தியில் சொன்னார், தூரத்துக் கோயில் மணியைப் பற்றிச் சொல்வதுபோல.

அப்போது நாங்கள் இருந்த ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"அப்பா, அந்தச் சிலிண்டரைத் தொட்டீங்களா?"

"மூடினேன். பூஜையன்னிக்கு மெஷின் ஓடலாமாம்மா? எங்க ஷாப்புல ஒரு பெல்ட் சுத்தாது."

"உள்ள செல் இருக்குப்பா."

"செத்துப்போச்சா?"

"இல்ல. கொழுகொழுன்னு இருக்கு."

"அப்புறமென்ன? ஒரு ராத்திரி நல்ல காத்து குடிச்சிருக்கு."

"அதாம்பா பிரச்சனை. இனிமே அதுங்க என்ன செஞ்சாலும் எந்தக் காத்தால செஞ்சதுன்னு சொல்ல முடியாது."

அவர் என் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லுங்க. மூச்சு முட்டினா எந்த ஜீவனுக்காவது நல்ல குணம் வருமா?"

"டில்லி வந்ததிலேருந்து எனக்கு முட்டிக்கிட்டுத்தான் இருக்கு மாமா. வரலை."

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுறீங்களா" என்றாள் அவள்.

எனக்கு யார்மேல் எரிச்சல் என்றே தெரியவில்லை. கேட்டுக்கொண்டே தூங்கிய காவலாளிமேலா, பக்தியோடு திருகிய கைமேலா, காற்று ஏறினால் ஒருவிதம் இறங்கினால் ஒருவிதம் என்று பிகு பண்ணும் செல்கள்மேலா? வாரக்கணக்கில் வளர்த்ததை அவள் கொட்டிக் கழுவினாள். அடுத்த மஜ்ஜைக்குக் காத்திருந்தோம். தினமும் சாயங்காலம் கதவைத் திறக்கும்போதே மாமனார் "வந்துச்சா?" என்பார். வரலை. தாளிக்கும்போது கேட்பார். வரலை. ஒருநாள் நானே கத்திவிட்டேன்: "வந்தா சொல்ல மாட்டோமா மாமா?" அதற்குப்பின் கேட்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது இன்னும் மோசம்.

வந்தது, அவர் ஊருக்குக் கிளம்பிய அன்றைக்கு. புதிய செல்களைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, கையில் ஸ்பிரிட் வாசனையோடு நேரே ஸ்டேஷனுக்கு ஓடிவந்தாள். வண்டி நகரத் தொடங்கியிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தாள்.

"வந்துடுச்சுப்பா. வெச்சுட்டேன்."

"வெச்சுட்டு இங்க எதுக்கு வந்தே? போம்மா. போய் வால்வு திறந்திருக்கான்னு பாரு."